செவ்வாய், வியாழன், சனி

நவம்பர் மழை. கொனோலி இரும்புக்கடையின் பின்னறை.
பெயின்ட் டப்பாக்களின் மேல் பதினோரு பேர்.
பொருளாளர் என்பதால் எனக்கு மட்டும் நாற்காலி.

ஃபெர்கல் வழவழத்த தாளொன்றை விரித்தான்:
ஹனோயிலிருந்து சைகோன் வரை, பதினான்கு நாள்,
நெல்வயல், நீல வானம்,
முடிவில் கழுத்துக்கு ஒரு பதக்கம்.
“இப்படி ஏதாவது இருந்தால்தான் ஜனங்கள் கொடுப்பார்கள்.”
நான் பென்சிலை எடுத்தேன்.
விமானம், விடுதி, சைக்கிளுக்குப் பெட்டி, வழிகாட்டி.
ஒருவன் திரட்டும் நாலாயிரம் யூரோவில்
வேனுக்கு மிஞ்சுவது அறுநூற்றுப் பத்து.
சுண்டைக்காய் கால் பணம்,
சுமைகூலி முக்கால் பணம்.
தாளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன்.
ஃபெர்கல் அதை மீண்டும்
வானத்தின் பக்கம் திருப்பி வைத்தான்.

கார்மெல் மலைகளைச் சொன்னாள்,
ஒரே நாளில் ஏழு கணவாய்.
ஊரை விட்டு நகரப் பிடிக்காத டைக்,
சூப்பர் மார்க்கெட் வாசலில்
நகராத சைக்கிளை ஒரு பகல் ஓர் இரவு
மிதிக்கலாம் என்றான்.
எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை,
செலவு பூஜ்யம்.

சாவிக்கொத்தோடு கதவோரம் நுவாலா.
வேன் ஓட்டுகிறவள்.
நாலு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வேன்,
ஹீட்டர் செத்துவிட்டது,
பக்கக் கதவைக் கயிறு பிடித்துக்கொண்டிருக்கிறது.
“நீ சொல்லேன், எந்தப் பாதை?”
“எனக்கு சைக்கிள் விடத் தெரியாது.
தெரிந்த ரோடும் ஒன்றுதான்.
இங்கிருந்து டயாலிசிஸ் வாசல், எண்பத்தேழு கிலோமீட்டர்.
செவ்வாய், வியாழன், சனி.
விடியுமுன் ஆறு பேரை ஏற்றுவேன்.
நாலு மணி நேரம் படுத்திருப்பார்கள்.
திரும்பும்போது யாரும் பேசமாட்டார்கள்.”
சொல்லிவிட்டு மணி பார்த்தாள்.
நாளைக்குச் செவ்வாய்.

ஏழுக்கு நாலு.
பிப்ரவரி முழுக்க, அதே ரோடு, அதே கிழமைகள்,
போக எண்பத்தேழு, வர எண்பத்தேழு,
நடுவில் நாலு மணி நேரம்
மருத்துவமனை கார் நிறுத்துமிடத்தில் சும்மா உட்கார வேண்டும்.
“மாட்டுத் தீவனம் வாங்கப் போகிற ரோட்டுக்கு
எவன் காசு கொடுப்பான்?” என்றான் ஃபெர்கல்.
நியாயமான கேள்வி.
பதிவேட்டில் சில பக்கங்கள்
இன்னும் வெள்ளையாகத்தான் கிடக்கின்றன.

முதல் பெயர் மட்டும் அன்றிரவே விழுந்தது:
ஓவன் மக்ரோரி, வேனில் இடது ஜன்னலோரம்.
கிலோமீட்டருக்கு இல்லை, குழிக்கு ஐம்பது சென்ட்.
மூன்று வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டு எண்ணியவர்,
போய்வர இருநூற்றுப் பதினாலு என்று
அவரே கலத்தில் எழுதினார்.

மூன்றாவது வியாழன் என் முறை.
காற்று கடலிலிருந்து கன்னத்தில் அறைந்தது.
கரிப்பாலம் ஏற்றத்தில் சங்கிலி கழன்று
இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தேன்.
பின்னால் வெளிச்சம். வேன்.
நிற்கவில்லை. நிற்கவும் கூடாது,
ஊசிக்கு நேரம் குறித்திருக்கிறது.
சிவப்பு விளக்கு வளைவில் மறைய,
கிரீஸ் கையோடு எண்ணிக்கையை விட்ட இடத்தில் பிடித்தேன்:
அறுபத்து மூன்று.

இரவு எட்டரைக்கு வந்து சேர்ந்தபோது
என் கணக்கு இருநூற்றுப் பதிமூன்று.
மறுநாள் அவர் வீட்டுக்கே போய்ச் சொன்னேன்,
ஐம்பது சென்ட் குறைகிறதே என்று.

ஓவன் முழுத் தொகையை மேஜைமேல் எண்ணி வைத்தார்.
“ஒன்றை விட்டுவிட்டாய். திரும்பும் வழியில்,
தேவாலயம் தாண்டியதும்.
சின்னதுதான்.
உடம்பைக் கழுவிக் கவிழ்த்துக் கொண்டுவருகிறவனுக்குத்தான்
அது குழி.”

ரசீது எழுதினேன்.
சனிக்கிழமை என் முறை இல்லை.
இருந்தும் மூன்றரைக்கு அலாரம் வைத்தேன்.